மேற்பார்வையாளருக்கும் பாரம் ஏறும்

வணக்கம் நேயர்களே.

போரில் காணாமற்போன பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களைப் போன்றவர்களோடு வாரக்கணக்கில் உட்கார்ந்து கதைக்கிற உளவளத்துணையாளர்கள் இலங்கையின் வடக்கில் இருக்கிறார்கள். அந்த உளவளத்துணையாளரை மேற்பார்வை செய்பவரின், அதாவது அவரது வேலையைப் பற்றி அவரோடு உட்கார்ந்து கதைத்து வழிகாட்டுபவரின், மனதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று தாய் கேட்கிறார். உளவளத்துணையாளரிடம் முடிவு இல்லை. அதே தவிப்போடு மேற்பார்வைக்கு வந்து, "நான் என்ன செய்யிறது, நீங்களே சொல்லுங்கோ" என்கிறார். மேற்பார்வையாளருக்கும் பதற்றம் தொற்றுகிறது. "மரணச் சான்றிதழுக்கு விருப்பமில்லையென்றால், 2016 சட்டத் திருத்தத்தில் வந்த காணாமற்போனதற்கான சான்றிதழை எடுக்கச் சொல்லுங்கோ" என்று விடுகிறார். தகவல் சரிதான். ஆனால் தாயின் காதில் "பிள்ளை இனி வரமாட்டான்" என்றே விழும். அவர் வராமலே நின்றுவிடக்கூடும். வழக்கத்தைவிட வேகமாக ஆலோசனை சொல்கிறோம் என்றால், தாயின் கையறுநிலை இரண்டு படி தாண்டி நம்மிடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேற்பார்வையாளர்களே, மேற்பார்வைக்கென்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதல் கால் மணித்தியாலம் பதிவுக் கோவையைத் திறக்க வேண்டாம். நித்திரை, சாப்பாடு, வீட்டிலும் கண்ணுக்குள் நிற்கிற முகம் எது என்று உளவளத்துணையாளரிடம் கேளுங்கள். சித்திரவதை விவரங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்பதால் இருவருக்கும் காயம்தான். "அம்மா எதைச் சொன்னபோது நீங்கள் கதையை மாற்றினீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும்.

உளவளத்துணையாளரின் குறிப்புகள் நாலு வரியாகச் சுருங்குகிறதா, ஒரே துணைநாடியின் (உதவி தேடி வருபவரின்) சந்திப்பு மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போகிறதா என்று கவனியுங்கள். உங்களையும்தான். உளவளத்துணையாளர் இன்று வரவில்லை என்றதும் நிம்மதியாக இருக்கிறதா?

போரில் சொந்தங்களை இழந்த மேற்பார்வையாளர்களும் இங்கே இருக்கிறார்கள். கண் கலங்குவதில் பிழையில்லை. "இது எனக்கும் கனமாக இருக்கு" என்று ஒரு வரி சொல்லலாம். உளவளத்துணையாளர் உங்களைத் தேற்றத் தொடங்கினால் நிறுத்துங்கள். அந்த வாரமே அதை உங்கள் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். அப்படி ஒருவர் உங்களுக்கும் இருந்தே ஆகவேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. திட்ட ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறவரே மேற்பார்வையாளராகவும் இருந்தால், "களைத்துப்போனேன்" என்று அவர் எப்படி வாய் திறப்பார்? இரண்டு பொறுப்பையும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் நிர்வாகக் கூட்டத்துக்கு வேறு நாள் வையுங்கள். மேற்பார்வையில் சொன்னது எதுவும், உயிராபத்தோ சிறுவர் பாதுகாப்போ சம்பந்தப்பட்டாலன்றி, வெளியே போகாது என்று முதல் நாளே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்.