கொடி விழுந்த ஆட்டம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த சதுரங்கப் பரிசளிப்பு விழாவில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கோப்பைகள் வாங்கித் தந்த வணிகப் பெருமக்களே, நடுவர் ஐயா அவர்களே, நெல்லிக்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிவந்து காலையிலிருந்து வாசலில் காத்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் தலைவருக்குத் தனியாக ஒரு நன்றி.

சிசிலியன் தற்காப்பு என்ற ஆட்டத் தொடக்கம், கடிகாரம் என்று இரண்டு செய்தி பேச வந்தேன்.

பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வரிசை எழுத்தும் எண்ணும் சேர்த்துப் பெயர் உண்டு. வெள்ளை இ4 கட்டத்துக்குச் சிப்பாயை நகர்த்தினால் கறுப்பு சி5-க்குச் சிப்பாயை நகர்த்துவது சிசிலியன். அதில் டிராகன் என்று ஒரு கிளை. கறுப்பு மந்திரி ஜி7-இல் உட்கார்ந்து மூலைவிட்டம் முழுக்கக் குறிவைக்கும். வெள்ளை ராணிப் பக்கம் கோட்டை கட்டி, எச் வரிசைச் சிப்பாயை ஓட்டிவரும். ஒரு நகர்வு பிந்தினால் போச்சு. 1995-இல் நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்கான 11-ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ் இதை ஆடித்தான் நம் ஆனந்தை வென்றார். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று உப்பனாற்றங்கரையில் அப்பா சொல்வார்.

நான் விட்டேன். கல்லூரி முதலாண்டு, புதுச்சேரியில் ஒரு போட்டி. விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். எனக்குக் கறுப்பு. டிராகன்தான் ஆடினேன். சி3-இல் நின்ற குதிரையை யானையால் வெட்டினேன். கணக்குப்படி நஷ்டம்தான். ஆனால் எதிராளி பி வரிசைச் சிப்பாயால் திருப்பி வெட்டியதும் ராஜாவின் வேலி பிய்ந்தது. என் ராணி உள்ளே நுழைந்தது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொரு நகர்வையும் மூன்று முறை சரிபார்த்தேன். பக்கத்தில் இரண்டு முகம் வைத்த மரக் கடிகாரம். பெரிய முள் பன்னிரண்டை நெருங்க நெருங்க ஒரு சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டே போனது. அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. ‘டக்’கென்று விழுந்தது. “தம்பி, கொடி விழுந்துடுச்சு” என்றார் எதிரில் இருந்தவர். என் நேரம் முடிந்தது, ஆட்டம் தோற்றது என்று அர்த்தம். இன்னும் மூன்றே நகர்வில் அவர் ராஜாவுக்குச் செக்மேட். அதற்கு முன் நான் கடிகாரம் வைத்து ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை.

இன்று காலையும் பார்த்தேன். மூன்றாம் பலகையில் ஒரு சிறுமி நல்ல நகர்வு ஆடிவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்து, தன் நேரமே ஓடுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடே நடந்தது. 2024-இல் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். நம் பிள்ளைகளையோ ஆழம் பார்க்க விடாமலே ஆற்றில் இறக்குகிறோம்.

முதுநகரில் மாலை நேரத்தில் ஒரு பொது அறை வேண்டும். பத்துப் பலகை, பத்துக் கடிகாரம், காசு வாங்கக் கூடாது. முதல் இரண்டு கடிகாரம் என் செலவு. மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.