காய்கி கெக்கல்பெக்: ஆஃப்ரிகான்ஸ் மேடை யாரைப் பார்த்துச் சிரித்தது?

[திரையில்: தென்னாப்பிரிக்க வரைபடம். கிரஹாம்ஸ்டவுன், 1838]

மேடைக்கு ஒரு பெண் வருகிறாள். வாயில் மோர்சிங். வாசித்துவிட்டுப் பாட ஆரம்பிக்கிறாள்:

'மை நேம் இஸ் காய்கி கெக்கல்பெக்,
ஐ கம் ஃப்ரம் காட்ரிஃபீர்,
டார் இஸ் ஃபான் வாட்டர் ஹீன் ஹெப்ரெக்,
மார் ஸ்கேர்ஸ் ஃபான் வெய்ன் என் பீர்.'

முதல் இரண்டு வரி ஆங்கிலம். அடுத்த இரண்டில், பிரிட்டிஷார் ஆண்ட கேப் பகுதியில் அன்று புழங்கிய டச்சு கலக்கிறது. பிற்காலத்தில் ஆஃப்ரிகான்ஸ் ஆன பேச்சு. 'என் பேரு வாயாடி காய்கி, ஊரு காட் ஆறு. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல, ஒயினும் பீரும்தான் கிடைக்க மாட்டேங்குது.'

எழுதியவர் ஆண்ட்ரூ கெடெஸ் பெயின் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சாலை போடுவது தொழில், பாறைக்குள் புதைபடிவம் தேடுவது பைத்தியம். தென்னாப்பிரிக்க நிலவியலின் தந்தை என்று இவரைத்தான் சொல்கிறார்கள். நடித்தது உள்ளூர் அமெச்சூர் குழு. ரசித்தது 1820-ல் கப்பலேறி வந்து குடியேறிய ஆங்கிலேயர்களின் ஊர்.

சரி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது? காட் ஆறு சும்மா ஓர் ஊர்ப் பெயரில்லை. 1829-ல், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய் மக்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய இடம். அங்கிருந்து ஆண்ட்ரீஸ் ஸ்டோஃபல்ஸ் என்ற கொய் தலைவர், மிஷனரி ஜான் ஃபிலிப்போடு 1836-ல் லண்டன் போனார். பார்லிமென்ட் குழு முன் நின்று, தன் மக்கள் பட்ட பாட்டைச் சாட்சியாகச் சொன்னார். குடியேறிகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில் பிறந்தவள்தான் காய்கி. ஃபிலிப் பள்ளியில் கொஞ்சம் ஏபிசி படித்தேன், முட்டாளாகவே வெளியே வந்தேன் என்று அவளே பாடுவாள். குடிப்பாள், திருடுவாள், ஜெயிலுக்குப் போய் வருவாள். 'இவர்கள் பேச்சையா லண்டன் நம்புகிறது?' என்பதுதான் ஜோக். ஸ்டோஃபல்ஸ் 1837-லேயே இறந்துவிட்டார்.

சங்கடம் என்னவென்றால், பாட்டு அருமையாக எழுதப்பட்டிருக்கிறது. 'கெக்கல்பெக்' என்று ஆங்கில வரி முடிந்தால், 'ஹெப்ரெக்' என்று டச்சு வரி இயைபு போடும். காது கொடுத்துக் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும். யாரைக் கேட்டு எழுதினாரோ, அவர்களையே கேலிப்பொருள் ஆக்கியிருக்கிறார். அந்தப் பேச்சை உருவாக்கியதில் டச்சு விவசாயிகளோடு கொய் மக்களுக்கும் அடிமைகளுக்கும் பங்கு உண்டு.

அப்புறம் 1875-ல் பார்ல் ஊரில் ஆஃப்ரிகான்ஸுக்கென்று சங்கம் வைத்தார்கள். 1925-ல் அது ஆட்சி மொழியானது. வெள்ளையரின் மொழி என்றே பெயர் நிலைத்தது.

[திரையில்: 1965]

கேப் பகுதியின் அந்தப் பேச்சிலேயே எழுத்தாளர் ஆடம் ஸ்மால் 'கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்டூ' (கன்னா வீட்டுக்கு வருகிறான்) நாடகத்தை எழுதினார். இங்கே பேச்சு கேலிக்கில்லை. வெள்ளையரல்லாத ஏழைக் குடும்பம் ஒன்றின் துயரத்தைச் சொல்ல. 1974-ல் அரசு மானியம் பெற்ற குழு அதை மேடையேற்றியபோது, அந்தக் குடும்பமாக நடித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள்.