பிபிசி மைக்ரோவில் என்ன விளையாடலாம்?

[திரை கறுப்பு. பவர் பொத்தானைப் போடும் ஒலி. இரண்டு சுருதியில் ஒரு பீப். மேலே 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வெள்ளை எழுத்துகள்.]

கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1981 கடைசியில் கொண்டுவந்த பிபிசி மைக்ரோ இது. பிரிட்டனில் பலருக்கும் இது பள்ளிக்கூடக் கம்ப்யூட்டராகத்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு இதைப் பிடித்தது இதிலேயே பிறந்த கேம்களால். வேறு மெஷினிலிருந்து இங்கே வந்தவற்றைத் தொடாமல், இதற்கென்றே எழுதப்பட்ட நான்கைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. இந்த மெஷினின் மாடல் பி வகையில் மொத்த நினைவகம் 32 கே (கிலோபைட்). திரையில் தெரியும் படமும் அதற்குள்ளேதான் இருக்க வேண்டும். எட்டு நிறம் காட்டும் மோட் 2 என்ற திரை முறைக்குப் போனால் 20 கே அங்கேயே காலி. மிச்சத்தில்தான் கேம் முழுவதும். இந்த நெருக்கடியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த கேம்கள் இன்னும் ருசிக்கும்.

[திரையில்: சிறு விண்கலம், கீழே கம்பியில் தொங்கும் உருண்டை.]

தொடங்க நல்லது 'த்ரஸ்ட்'. 1986, எழுதியவர் ஜெரமி ஸ்மித். கலம் கீழே விழுந்துகொண்டே இருக்கும், நீங்கள் உந்தித் தூக்க வேண்டும். சரி, அது பழகிவிடும். தரையிலிருக்கும் உருண்டையைக் கொக்கி போட்டுத் தூக்கும்போதுதான் சோதனை. அது ஊசலாடி, கலத்தையே சுவரை நோக்கி இழுக்கும். அவசரப்பட்டால் இரண்டும் போச்சு.

அப்புறம் 'ரெவ்ஸ்'. பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் பந்தயப் பாதையில் ஃபார்முலா 3 கார் ஓட்டுவது. எழுதியவர் ஜெஃப் கிராமண்ட். ஓட்டும்போது மேலே நீல வானத்தைப் பாருங்கள். அந்தத் திரைப் பகுதிக்கான நினைவகத்தில் கேமின் நிரலையே ஒளித்து வைத்திருக்கிறார்! எல்லா நிறத்தையும் நீலமாக மாற்றிவிட்டதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதை அறிந்த நாளிலிருந்து அந்த வானம் எனக்கு வெறும் வானமாகத் தெரிவதில்லை.

[திரையில்: கோடுகளால் ஆன விண்கலம் சுழல்கிறது.]

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் 'எலைட்'. 1984-இல் இயன் பெல், டேவிட் பிரேபன் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. இதில் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். ஆனால் இந்த 2,048 கோள்களும் எங்கேயும் சேமிக்கப்படவில்லை. ஆறே பைட் எண்ணை விதையாக, அதாவது கணக்கின் தொடக்க எண்ணாகப் போட்டு, கோளின் பெயர், ஆட்சி, பொருளாதாரம் எல்லாவற்றையும் தேவைப்படும் நேரத்தில் கணக்கிட்டு எடுக்கிறார்கள். விதை மாறாததால், எத்தனை முறை திரும்பி வந்தாலும் லேவ் என்ற கோள் அதே லேவ்தான்.

திரையிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. மேலே விண்வெளி, கறுப்பு வெள்ளையில் கூர்மையாக. கீழே கருவிப் பலகை, நான்கு நிறத்தில். திரையின் மேல்பகுதி வரைந்து முடிந்ததும் மோடையே மாற்றிவிடுகிறது நிரல், ஒவ்வொரு முறையும்!

தொடக்கத்தில் உங்கள் கையில் 100 கிரெடிட், அதுதான் கேமில் பணம். வேளாண் கோளில் உணவு வாங்கித் தொழில் கோளில் விற்றுச் சிறுகச் சிறுகச் சேருங்கள். வாங்கவும் விற்கவும் விண்வெளி நிலையத்துக்குள் போக வேண்டும், அதன் வாசலோ சுழன்றுகொண்டே இருக்கும். அதன் நேர் எதிரே தள்ளி நின்று, அதே வேகத்தில் கலத்தையும் உருட்டிக்கொண்டு மெதுவாக நுழையுங்கள். கேசட்டை விட டிஸ்க் பதிப்பே நல்லது. கப்பல் வகைகள் அதிகம், கேசட்டில் இல்லாத பணிகளும் உண்டு.

பிபிசி மைக்ரோ கையில் இல்லையென்றால், அதைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான ஜேஎஸ்பீப் எமுலேட்டர் போதும், பிரவுசரிலேயே ஓடும். டிஸ்க்கைப் போட்டு, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே பிரேக் விசையைத் தட்டினால் கேம் தொடங்கிவிடும்.

[திரையில்: குகைக்குள் ஜெட்பேக் அணிந்த மனிதன்.]

இந்த மூன்றும் பழகிய பிறகு 'எக்ஸைல்'. த்ரஸ்ட் எழுதிய அதே ஜெரமி ஸ்மித், பீட்டர் இர்வினுடன் சேர்ந்து 1988-இல் முடித்தது. அங்கே ஓர் உருண்டைக்கு இருந்த எடை, இங்கே எல்லாப் பொருளுக்கும் இருக்கிறது. காற்று உங்களைத் தள்ளும், எறிந்த பொருள் வளைந்து விழும். உள்ளே போனதும் சண்டையைத் தேடாதீர்கள். கிடைத்ததை எடுத்து, எறிந்து, எது எவ்வளவு கனம் என்று கொஞ்ச நேரம் பாருங்கள்.