ஆச்சியின் கைத்தொலைபேசியும் எதிரணியின் தேநீர்க் கோப்பையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கிளிநொச்சி வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோரே, வணக்கம். நற்செய்திப் பணிக்கு இன்று பெரிதும் கைகொடுப்பது இணையமா, நேரடிச் சந்திப்பா என்பது தலைப்பு. நான் இணையத்தின் பக்கம். முன்னுரை இவ்வளவுதான், எனக்கு முதலில் தீர்க்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது.

எதிரணித் தலைவர் சற்று முன் ஒரு வசனம் விட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் இருக்கும் மூப்பர் சால்வையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘இணையத்தில் பூசை காண்பவர், நற்கருணை அப்பம் வழங்கும் நேரம் வந்ததும் நாக்கை நீட்டுவாரா, தேநீர்க் கோப்பையை நீட்டுவாரா’ என்பது அவருடைய கேள்வி.

இதற்குத் திருச்சபையே விடை சொல்லிவிட்டது. இணையத்தில் நற்கருணை போன்ற அருளடையாளங்கள் இல்லை என்று, சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002 ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தது. அதே ஆண்டில், உலகத் தொடர்பு நாளுக்கான தமது செய்தியில், திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (இரண்டாம் ஜோன் போல்) இணையத்தை நற்செய்தி அறிவிப்பதற்கான புதிய களம் என்றார். நற்கருணையைத் திரையில் தேடாதே, நற்செய்தியைத் திரையிலும் சொல் என்று ஒரே வத்திக்கான் ஒரே ஆண்டில் சொன்னதில், முதற்பாதியை வாசித்தவுடன் நம் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார் போலும்.

சட்டம் பேசியது போதும். கோப்பை என்றதும் எனக்கு முல்லைத்தீவுக் கரையோரத்து ஆச்சி ஒருவரின் நினைவு வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கோயில்களைப் பூட்டியபோது, ஆச்சியிடம் இருந்தது ரொறன்ரோவில் இருக்கும் பேரன் வாங்கிக் கொடுத்த ஒரு கைத்தொலைபேசி. அதைத் திறக்கத் தெரிந்தவன் அடுத்த வளவுப் பையன். சைவப் பிள்ளை, நெற்றி நிறையத் திருநீறு. ஞாயிறு காலை ஆச்சி முழுகி, வெள்ளைச் சேலை உடுத்து, முக்காடு போட்டுக்கொண்டு பாயில் அமர்ந்தார். பையன் தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்து, தன் பணத்தில் ரீலோட் செய்த டேற்றாவில் யூரியூப்பில் பூசையைப் போட்டான். நற்செய்தி வாசகத்துக்கு ஆச்சி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆச்சி நிற்க, தான் இருப்பது மரியாதையில்லை என்று அந்தப் பிள்ளையும் எழுந்து நின்றான்.

விசுவாசப் பிரமாணம் நடக்கிறது. குருவானவர் திடீரென மறைகிறார். ஓர் இளம்பெண் தோன்றி, தன் நீண்ட கூந்தலை இடமும் வலமும் விசுக்குகிறாள். ஷாம்பு விளம்பரம்! ஆச்சிக்கு விளம்பரம் என்று தெரியாது. பையனைத் திரும்பிப் பார்த்து, ‘இவ ஆற்றை பிள்ளை, முக்காடும் இல்லாமல் கோயிலுக்குள்ள வந்து தலையை விரிச்சுக்கொண்டு நிக்கிறா?’ என்று கேட்டார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கை காட்டுகிறார்கள். நடுவர் அனுமதித்தால் இன்னொரு முறை சொல்கிறேன். முக்காடு இல்லாமல்! கோயிலுக்குள்ளே! தலையை விரித்துக்கொண்டு! நடுவரே சிரிக்கிறார், ஆகவே அனுமதி கிடைத்துவிட்டது. மூப்பர் அவர்களே, சால்வையை மடித்து வைக்காதீர்கள், கதை இன்னும் முடியவில்லை. பையன் விரலால் தட்டி விளம்பரத்தைத் தள்ளிவிட்டான். அந்தப் பெண் மறைந்து, குருவானவர் மீண்டும் வந்தார். ஆச்சிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ‘சொன்ன உடன வெளியில போயிட்டா, நல்ல பிள்ளை’ என்றார்.

நற்கருணை நேரத்தில் ஆச்சி நாக்கையும் நீட்டவில்லை, கோப்பையையும் நீட்டவில்லை. கண்ணை மூடி, ஆண்டவரை மனத்தால் வரவேற்றுக்கொண்டிருந்தார். பூசை முடிந்த பிறகு தேநீர் வைத்தது உண்மைதான். கால் கடுக்க நின்ற அந்தச் சைவப் பிள்ளைக்காக வைத்த தேநீர் அது. தலைவர் கேட்ட கோப்பை இதுதான் என்றால், எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தத் தவக்காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1705 இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய வியாகுலப் பிரசங்கத்தை நம் கோயில்களில் ராகமிட்டு வாசிப்பது உங்களுக்குத் தெரியும். கோயில் பூட்டியிருந்ததால் ஆச்சி வீட்டிலிருந்தே வாசித்தார். பையன் அதை ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் ரொறன்ரோவுக்கு அனுப்பினான். அங்கே பேரனின் மகள், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் சின்னப் பிள்ளை, அதைக் கேட்டுவிட்டுத் திருப்பி ஒரு குரற்பதிவு அனுப்பினாள்: ‘ஆச்சி, ஏன் அழுதழுது படிக்கிறீங்கள்? ஆருக்கு என்ன நடந்தது?’ நடுவர் அவர்களே, ஆருக்கு என்ன நடந்தது என்று ஒரு பிள்ளை தானாகக் கேட்பதற்காகத்தானே வேதம் போதிக்கிறவர்கள் காலமெல்லாம் காத்திருக்கிறார்கள்? ஆச்சி அன்றிரவு விடை சொன்னார், கெத்சமனித் தோட்டத்திலிருந்து கல்லறை வரைக்கும். அந்தப் பிள்ளையை ஆச்சி அதுவரை நேரிற் கண்டதில்லை.

வன்னிக்கு இது புதிதுமன்று. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை; சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் நாங்கள். மணிலாவிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ் ஒலிபரப்பையும் அப்படித்தான் பிடித்தோம். ஒருவர் சில்லைச் சுற்ற, நான்கு பேர் காதைக் கொடுப்பார்கள். அன்று எவரும் எங்களை ‘வானொலிக் கிறிஸ்தவர்’ என்று கேலி செய்யவில்லை. 2018 இல் அந்த வானொலி சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறியது. 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூலை அச்சிட்டவர்களும் வேதம் போதிக்க வந்தவர்கள்தான். அது போகட்டும், அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தால் நடுவர் மணியடித்து விடுவார்.

இணையத்தில் பொய்த் தீர்க்கதரிசிகள் இருக்கிறார்கள், ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்பு, இல்லையேல் தீமை வரும்’ என்று பயமுறுத்துகிறார்கள் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தோனியார் பெயரால் இதே மிரட்டலைக் கொப்பித் தாளில் கையால் எழுதி, தபாற்காரர் மூலம் அனுப்பிய காலத்தில் இணையம் எங்கே இருந்தது?

நேரடிச் சந்திப்பு, நேரடிச் சந்திப்பு என்கிறார்கள். போருக்குப் பின்னர், தறப்பாள் கொட்டிலில் இருந்த குடும்பங்களிடம் ஒரு கையில் அரிசிப் பையும் மறுகையில் வேதாகமமும் கொண்டு சென்றவர்கள் இருந்தார்கள்; எல்லாரையும் சொல்லவில்லை, இருந்தார்கள். வாசலுக்கு வந்தவரைப் போ என்று சொல்ல நம் சனத்துக்கு வாய் வராது. பாயை விரித்து இருத்தி, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை மனமாற்றம் என்று எண்ணிச் சென்றவர்களும் உண்டு. இணையத்தில் கேட்பவருக்குப் பெருவிரல் இருக்கிறது. விருப்பமில்லையென்றால் தள்ளிவிட்டுப் போகலாம், எவர் முகமும் கோணாது. பிறகு அவரே தேடிக் கேட்டால், அது அவருடைய சொந்த விருப்பம்.

மணி அடிக்கிறது. கடைசியாக ஒருவரைப் பற்றி மட்டும் பேச விடுங்கள். இவர் கதையில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் இதே கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அப்படி மகனைத் தேடும் ஒரு தாயை எனக்குத் தெரியும். அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தி வெகுகாலமாகிறது. கடவுளோடு கோபமில்லை என்பார். பூசை முடிந்து வெளியே வந்தால், ‘ஏதும் தகவல் கிடைச்சதோ’ என்று அன்பாகக் கேட்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்பார். நாம்தான் கேட்கிறோம், நேரடியாகச் சந்தித்து. சாமத்தில் நித்திரை வராதபோது, எந்தக் கோயிலின் கதவும் திறவாத நேரத்தில், யாரோ ஒரு குருவானவர் என்றோ பதிவு செய்த சங்கீத வாசிப்பைத் தலையணைக்குப் பக்கத்தில் மெல்லிய சத்தத்தில் போட்டுவிட்டுப் படுத்திருப்பார். அந்தக் குரல் அவரிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எதிரணித் தலைவர் அவர்களே, நீங்கள் நல்ல மனிதர், உங்களையே கேட்கிறேன். அந்தத் தாயிடம் போய், அதை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? வராது என்று எனக்குத் தெரியும். நடுவர் அவர்களே, அமர்கிறேன்.