தரம் குறையவில்லை, தராசுதான் கோணல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தகவலை வகைப்படுத்தித் தேடித் தரும் துறைதான் தகவல் அறிவியல். வளரும் நாடுகளின் தகவல் அறிவியல் ஆய்வுகளுக்கு உலகில் உரிய மதிப்பு கிடைக்காததற்குக் காரணம் ஆய்வின் தரமா, அளக்கும் தராசா என்பதுதான் இன்றைய கேள்வி. தராசுதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி அம்மா அழகாகப் பேசினார். "பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு? ரங்கநாதனை உலகம் தேடி வரவில்லையா?" என்று கேட்டார். சரி, நூலகத் துறை அறிஞர் ரங்கநாதனையே எடுத்துக்கொள்வோம்.

சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்கு லண்டன் போன இடத்தில், ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வேறு வேறு உருவம். நூலின் பொருளையும் இப்படிக் கூறுகளாகப் பிரித்துப் பூட்டலாமே என்று தோன்றியது. அதுதான் 1933இல், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையாக வந்தது. வெளியிட்டது சென்னை நூலகச் சங்கம். இன்று போனில் புடவை வாங்கும்போது நிறம், விலை, துணி என்று தனித்தனியாகத் தேர்ந்து வடிகட்டுகிறோமே, அதற்குள் இருப்பதும் இந்த எண்ணம்தான்.

லண்டனில் இருந்த நூற்பகுப்பு ஆய்வுக் குழு, தகவல் தேடலுக்கெல்லாம் இதுவே அடிப்படையாக வேண்டும் என்று அறிவித்தது 1955இல். இருபத்திரண்டு வருடம் கழித்து! அதற்குள் ரங்கநாதனே கடல் கடந்து போய் நேரில் பேசவேண்டியிருந்தது. அவரால் போக முடிந்தது. போக முடியாதவர்கள் எத்தனை பேர்?

பிறகு 1964இல் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் அருமையான கருவி, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எல்லா இதழ்களையும் எண்ண முடியாது என்று சிலவற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை மேலைநாட்டு ஆங்கில இதழ்கள். பட்டியலில் இல்லாத இதழ் கண்ணில் படாது. கண்ணில் படாததை யார் மேற்கோள் காட்டுவார்? மேற்கோள் இல்லையென்றால் பட்டியலில் இடமில்லை. தெருவையே அடைத்துவிட்டுப் பூ மணக்கவில்லை என்றால் எப்படி அம்மா?

பிரேசில்காரர்கள் காத்திருக்கவில்லை. 1990களின் இறுதியில் சியெலோ என்ற தளத்தைத் தாங்களே கட்டினார்கள். போர்த்துகீசியத்திலும் ஸ்பானியத்திலும் வந்த இதழ்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம், மேற்கோள்களையும் அவர்களே எண்ணினார்கள். கார்ஃபீல்டின் வழிவந்த அதே அட்டவணைத் தளம் 2014இல் சியெலோவின் மேற்கோள்களையும் சேர்த்துக்கொண்டது. கட்டுரைகள் அதே கட்டுரைகள்தான், தட்டுதான் மாறியது.

நம் நாட்டில் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் உண்டு. மறுக்கமாட்டேன், அது எனக்கும் வலிக்கிறது. ஆனால் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார் என்ற பழக்கமும் அந்தத் தராசோடு வந்ததுதானே?

நான் ஒரு கல்லூரி நூலகர். எங்கள் பட்டியலில் தமிழ் நூல்களின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. 'வாழ்க்கை' என்று தேடும் மாணவி 'ழ'வுக்கு எந்த எழுத்தைப் போடுவாள்? மூன்று விதமாக அடித்துப் பார்த்துவிட்டுப் புத்தகம் இல்லையென்று போய்விடுகிறாள். அது அலமாரியில் இருக்கிறது, நடுவர் அவர்களே! இரண்டு வருடம் இதைக் கவனித்துக் கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டு இதழுக்கு அனுப்பினேன். "இது உள்ளூர் விஷயம். தலைப்பில் நாட்டின் பெயரைச் சேர்த்து வேறு இதழுக்கு அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. அமெரிக்க மாணவர்கள் தேடும் விதம் பற்றி அதே இதழில் வந்த கட்டுரையின் தலைப்பில் நாட்டின் பெயரே இல்லை. அங்கே படிப்பவர் 'மாணவர்', இங்கே படிப்பவர் 'இந்திய மாணவர்'.

அரபியிலும் தாய்லாந்து மொழியிலும் எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் புத்தகம் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். அது எப்படி உள்ளூர் விஷயம்? அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மேசையில் வைக்கிறேன், படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.