தூர தேசத்தில் படுத்திருப்பவருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையின் ஜெபக் குறிப்புகளைக் கேட்டுப் பாருங்கள். ரியாத், குவைத், சார்ஜா என்ற பெயர்கள் வரும். டிரைவர் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனவர்கள். அங்கே ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்று தெரிந்தால், இங்கிருந்து முதலில் போகும் ஆறுதல் பெரும்பாலும் இதுதான்: "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லு தம்பி, ஆண்டவர் பாத்துக்குவாரு." சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கிறவருக்கு, சம்பளம் நின்றுபோனவருக்கு, அது இன்னொரு வேலை கொடுத்தது போல இருக்கும்.

அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய கடிதம் நன்றிக்கும் சந்தோஷத்துக்கும் பேர்போனது. அதை எழுதும்போது அவர் காவலில் இருந்தார். அதன் 2-ஆம் அதிகாரத்தில் 25 முதல் 30 வரை உள்ள ஆறு வசனங்களை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சபையார் கொடுத்த உதவியை எடுத்துக்கொண்டு பவுலிடம் போன எப்பாப்பிரோதீத்து, போன இடத்தில் சாகக் கிடந்தார். என்ன நோய் என்று பவுல் எழுதவில்லை. அவரை வாட்டிய கவலையைத்தான் எழுதுகிறார்: தான் படுத்துவிட்டது ஊருக்குத் தெரிந்துபோனதே என்ற கவலை. இன்றைக்கும் வளைகுடாவில் படுத்திருக்கும் பையன் அறைத் தோழரிடம் முதலில் சொல்வது, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா" என்பதுதான்.

எப்பாப்பிரோதீத்து பிழைத்தார். தேவன் அவர்மேல் மட்டுமல்ல, தன்மேலும் இரங்கினார் என்கிறார் பவுல். துக்கத்தின்மேல் துக்கம் வராமல் காத்தாராம். அதே பவுல் தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் நோயாளியாகவே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது. அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போன தீமோத்தேயுவுக்கு, வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இவர்களில் ஒருவரையும் விசுவாசம் போதவில்லை என்று அவர் குறை சொல்லவில்லை. ஆகவே "நம்பினால் மூன்றே நாளில் சுகம்" என்று வரும் வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து அங்கே தள்ளிவிடாதீர்கள்.

போனில் ஜெபிப்பதானால் 13-ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டு மன்றாட்டு. நன்றி கடைசி இரண்டில்தான். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அவர் அழுதால் முதல் இரண்டு வசனத்தோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம், மிச்சம் நாளைக்கு. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

எந்த நேரத்தில் கூப்பிடுகிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். சவூதி, குவைத், கத்தார் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அமீரகமும் ஓமானும் ஒன்றரை மணி. இங்கே காலை பத்தரைக்குக் கூப்பிட்டால் ரியாத்தில் எட்டு மணி, டாக்டர் ரவுண்டு வரும் நேரம். நம் இரவு எட்டு மணி என்றால் அங்கே மாலை ஐந்தரை, கொஞ்சம் ஓய்வாக இருப்பார். பத்து நிமிடம் பேசினால் போதும். "எப்ப வர்ற?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். அதற்கான பதில் முதலாளியிடமும் டாக்டரிடமும் இருக்கிறது.

நன்றிக்கு எங்கே இடம்? மொத்தமாகச் சொல்லும் நன்றி வாயோடு போய்விடும். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று, ஆள் பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். இரவு மாத்திரை கொடுத்த மலையாளி நர்ஸ், போனுக்கு சார்ஜர் கொடுத்த பக்கத்துக் கட்டில் வங்காளதேசத்துக்காரர், கஞ்சி வாங்கி வந்த அறைத் தோழர். ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் போதும். வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பெயர்களைத் தேதியோடு காலண்டரில் குறித்து வையுங்கள். நோய்க்காக நன்றி சொல்லும்படி வேதம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. நோய்க்கு நடுவே வந்த கைகளுக்காகச் சொல்லலாம். தேவ அன்பு ஒருவரைத் தொடுவது பெரும்பாலும் அந்தக் கைகள் வழியாகத்தான்.

இங்கே இருப்பவர்களின் கையும் வேலை செய்ய வேண்டுமே! ஈசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும்) பாஸ்போர்ட்டில், அந்த அனுமதி பெற்று வேலைக்குப் போனவர் என்றால், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டு பாலிசி இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். போகும்போது ஏஜென்ட் கையில் கொடுத்த காகிதக் கட்டிலேயே அது இருக்கும், பலர் பிரித்தே பார்ப்பதில்லை. கையில் காசே இல்லாதவருக்கு, இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி உண்டு. அவசர சிகிச்சைக்கும் ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கும் அதிலிருந்து உதவுவார்கள். விண்ணப்பிக்க பாஸ்போர்ட் எண், அந்த நாட்டு அடையாள அட்டை எண், ஆஸ்பத்திரி பெயர், வார்டு எண் எல்லாம் ஒரே தாளில் தயாராக இருக்கட்டும். வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) இணையதளத்திலும் புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது.

அழைத்து வருவதில் வழக்கமாக நடக்கும் தப்பு, முதலில் டிக்கெட் எடுத்துவிடுவது. விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவத்தைச் சிகிச்சை தரும் டாக்டர் நிரப்பி, அவர்களுடைய மருத்துவப் பிரிவு சரி என்ற பிறகுதான் பயணம். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை ஆங்கிலத்தில் கேளுங்கள். மருந்துகளின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதி வாங்குங்கள், அங்கத்திய கம்பெனிப் பெயரைச் சொன்னால் இங்கே மருந்துக்கடையில் புரியாது.

மலைக்காரர்களுக்கு இன்னொன்று. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம், சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. ஊட்டி 2,240 மீட்டர். இதயமோ நுரையீரலோ பலவீனமாகி, விமானத்தில் ஆக்சிஜன் வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தால், வீட்டிலும் தேவைப்படலாம். விமானத்தில் நாலு மணி நேரம், வீட்டில் இரவும் பகலும். அப்படிப்பட்டவரைக் கோவையில் இறங்கிய கையோடு மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏற்றாதீர்கள். கீழேயே தங்கவைத்து, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு அழைத்து வாருங்கள்.

எப்பாப்பிரோதீத்துவைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், கனம்பண்ணுங்கள் என்று பவுல் முன்கூட்டியே எழுதி அனுப்பினார். போன வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக இருக்கும். நம் ஊரில் அந்தப் பேச்சு "எவ்வளவு சேத்து வெச்சிருக்க?" என்று ஆரம்பிக்கும். கடன் வாங்கிப் போனவருக்கு அது தாங்காது. சபை மூப்பர்கள் இதை முன்னமே நாலு பேர் காதில் போட்டு வைப்பது நல்லது. வந்த முதல் ஞாயிறே சாட்சி சொல்ல மைக்கை நீட்டவும் வேண்டாம். அவராகக் கேட்கும்போது கொடுங்கள். ஸ்தோத்திரக் காணிக்கை கொடுக்க வீட்டார் விரும்பினால், காலண்டரில் குறித்த அந்தப் பெயர்களைக் கவரின்மேல் எழுதிக் கொடுக்கட்டும். ஆயர் அவற்றைச் சபையில் வாசிக்கட்டும், நர்ஸ் பெயரையும் சேர்த்து.

வணக்கம்.