மூக்கு சொல்லும் விடை: அமிலமா, காரமா?

[திரையில்: நீல லிட்மஸ் தாள் சிவப்பாக மாறுகிறது]

பத்தாம் வகுப்பு வேதியியல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். அமிலம் பட்டால் நீல லிட்மஸ் சிவப்பாகும், காரம் பட்டால் சிவப்பு நீலமாகும். சரி, பார்வையில்லாத மாணவி ஒருத்தி அதே வகுப்பில் இருந்தால்? பக்கத்து பெஞ்சுப் பிள்ளை "சிவப்பாயிடுச்சு" என்று சொல்லும், இவள் கேட்டு வைத்துக்கொள்வாள். அதைப் பரிசோதனை என்று எப்படிச் சொல்வது?

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வழி பாடப்புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி பத்தாம் வகுப்பு அறிவியலில், அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தில், வெங்காயம், வெனிலா எசன்ஸ், கிராம்பு எண்ணெய் மூன்றையும் வைத்து ஒரு செயல்பாடு உண்டு. அவசரத்தில் தாண்டிப்போய்விடுகிற பக்கம் அது.

[திரையில்: நறுக்கிய வெங்காயம், துணித் துண்டுகள், பிளாஸ்டிக் பை]

வெங்காயத்தைப் பொடியாக நறுக்குங்கள். சுத்தமான துணித் துண்டுகளோடு பையில் போட்டு இறுகக் கட்டி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் துணியில் நெடி ஏறியிருக்கும். ஒரு துண்டில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு, இன்னொன்றில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு சில சொட்டு. தண்ணீரில் அலசிவிட்டு முகர்ந்து பார்த்தால், அமிலம் பட்ட துணியில் நெடி அப்படியே இருக்கும். காரம் பட்டதில் காணாமல் போயிருக்கும். வெறும் தண்ணீர் விட்ட மூன்றாவது துண்டு ஒன்றையும் ஒப்பிடக் கொடுங்கள். அலசியதால்தான் நெடி போனதோ என்று கேட்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும், கேட்கவும் வேண்டும்.

வெனிலாவில் இன்னும் ஒரு படி போகலாம். சிறு கிண்ணத்துத் தண்ணீரில் சில சொட்டு எசன்ஸ் கலந்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மணம் மங்கும். அப்புறம் நீர்த்த அமிலத்தை அதேபோல விட்டுவந்தால் மணம் திரும்ப எழும். நடுநிலையாக்கலை நிறமே இல்லாமல் உணர்த்திவிட்டீர்கள். காரணம் எளிது. வெனிலின் மூலக்கூறு காரத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனியை இழந்து மின்சுமை பெறுகிறது. சுமையேறியது தண்ணீரிலேயே தங்கிவிடும், ஆவியாகி மூக்கை எட்டாது. கிராம்பின் யூஜெனாலும் இப்படித்தான். வெங்காய நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது, அதன் வேதியியல் வேறு.

[திரையில்: விளிம்புள்ள தட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிய பாட்டில்கள்]

சோடியம் ஹைட்ராக்சைடு நீர்த்ததாக இருந்தாலும் தோலை அரிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அமில பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்ட், கார பாட்டிலுக்கு இரண்டு என்று சுற்றிவிட்டால் தொட்டே அடையாளம் காணலாம். எல்லாவற்றையும் விளிம்புள்ள தட்டில், ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில் இருக்கும்படி வையுங்கள். பாத்திரத்தில் மூக்கை நுழைக்காமல், கையால் விசிறி முகரப் பழக்குங்கள்.

மூக்குக்கும் களைப்பு வரும். தொடர்ந்து முகர்ந்தால் மணம் பிடிபடாது, நடுவில் இடைவெளி விடுங்கள். சளி பிடித்த பிள்ளைக்கு அன்று இந்த வேலை ஆகாது. ஆட்டிசம் உள்ள சிலருக்கு வெங்காய நெடி தாங்க முடியாத தொல்லை, அவர்களிடம் வெனிலாவைக் கொடுங்கள். நிறக்குருடு இருப்பதே தெரியாமல் லிட்மஸோடு மல்லுக்கட்டும் பையன்களுக்கும் இது உதவும். மொத்த வகுப்பும் சேர்ந்தே செய்யட்டும், ஒருத்தியை மட்டும் தனி மேஜைக்கு அனுப்பாதீர்கள்.

மின்சுற்றுப் பாடத்துக்கும் இதே வழிதான். பல்போடு ஒரு பஸ்ஸரையும் பக்க இணைப்பில் சேர்த்தால், காது கேளாத மாணவர் வெளிச்சத்தைப் பார்ப்பார், பார்வையில்லாதவர் ஒலியைக் கேட்பார். பஸ்ஸரின் சிவப்பு ஒயர் நேர்மின்வாய்க்குப் போகவேண்டும், மாற்றினால் ஒலிக்காது.

படங்கள்தான் கொஞ்சம் வேலை வாங்கும். இதயப் படத்தை அப்படியே நூலும் பசையும் வைத்துப் புடைப்பாக்கினால், விரலுக்கு அது வெறும் சிக்கல். பிரெய்ல் புள்ளிகளுக்கு நடுவிலேயே சுமார் 2.5 மி.மீ. இடைவெளி இருக்கிறது, கோடுகளுக்கு அதைவிடக் கூடுதலாக விடுங்கள். முதல் அட்டையில் நான்கு அறைகள் மட்டும். இரத்தக் குழாய்களை இரண்டாவது அட்டைக்கு ஒதுக்குங்கள்.

"இவர்களுக்கு அறிவியல் எதற்கு, வேறு பாடம் எடுக்கட்டுமே" என்பவர்களுக்கு ஒரு பெயர்: கார்த்திக் சாஹ்னி. பார்வையில்லாத இந்த டெல்லி மாணவர் சி.பி.எஸ்.இ.யில் அறிவியல் பிரிவு எடுக்கவே போராட வேண்டியிருந்தது. 2013-ல் பிளஸ் டூ முடித்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார்.

[திரையில்: பிரெய்ல் ஒட்டுச்சீட்டுகள்]

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி ஆகியவற்றை இலவசமாகத் தரச் சொல்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் கேளுங்கள். எந்தப் பாடம் எந்த வாரம், என்னென்ன ஒட்டுச்சீட்டு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அவர் பல பள்ளிகளுக்குப் போய்வருகிறவர்.